ஈவ் ஆன்லைனில் உப்பும் மாவும் சேர்த்து விற்பது எப்படி

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் முதல் ஒரு வருஷம் என் நிலைமை அதேதான். மைனிங்கில் இறங்கினால் தாது விலை விழும், சரி என்று கேம் கொடுக்கும் வேலைகளை முடிக்கும் மிஷன் பக்கம் போனால் அந்த வாரம் பார்த்து தாது விலை ஏறும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு டிரேடிங் செய்யலாம் என்று உட்கார்ந்தால் நான் வாங்கிக் குவித்த பொருளை மட்டும் ஜிட்டா என்ற பெரிய சந்தையில் சீந்த ஆள் இருக்காது. அப்புறம்தான் உறைத்தது, உப்பையும் மாவையும் சேர்த்துக் கடை போட வேண்டும் என்று. மழை பெய்தால் மாவும்தானே நனையும் என்று கேட்பீர்கள். ஆமாம், இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

கேம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஒரே சர்வர், ஒரே விண்வெளி, கப்பல் வெடித்தால் போனது போனதுதான். பணத்தின் பெயர் இஸ்க். மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் கப்பல், துப்பாக்கி, குண்டு எல்லாமே பெரும்பாலும் இன்னொரு பிளேயர் எங்கேயோ தோண்டி, உருக்கி, செய்து, சுமந்து கொண்டுவந்து வைத்தது. அதனால்தான் இங்கே வருமானத்தைச் சமன் செய்வது என்பது நிஜமான கணக்கு. 2007-லேயே எயோல்பூர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரை சிசிபி வேலைக்கு வைத்தது. மாதாமாதம் எவ்வளவு இஸ்க் உள்ளே வந்தது, எவ்வளவு கரைந்தது என்று அறிக்கையே போடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மணிக்கு எதில் அதிக இஸ்க் வரும் என்பதைத்தான். நானும் கேட்டேன். அதைவிடப் பயன்படும் கேள்வி, எனக்கு இந்த இஸ்க்கை யார் கொடுக்கிறார்கள் என்பது.

மிஷன் ஓட்டும்போது, போலீஸ் இல்லாத நல்-செக் பகுதியில் எலி வேட்டை ஆடும்போது (கேம் ஓட்டும் கொள்ளைக்காரக் கப்பல்களைச் சுடுவதை ராட்டிங் என்பார்கள், அதனால் எலி), சுட்ட கப்பலுக்குப் பரிசாகப் பவுண்டி என்று வருகிறதே, அது கேம் அச்சடித்துக் கொடுக்கும் புதுப்பணம். அது எந்தப் பிளேயருடைய பையிலிருந்தும் வருவதில்லை. மைனிங்கும் டிரேடிங்கும் அப்படியில்லை. நீங்கள் தோண்டிய வெல்ட்ஸ்பார் என்ற தாதுவை வாங்குகிறவர் இன்னொரு பிளேயர், அவர் பையில் ஏற்கனவே இருந்த இஸ்க்தான் உங்கள் பைக்கு வருகிறது, நடுவில் வரியும் புரோக்கர் கட்டணமும் கழிந்து காணாமல் போகிறது. முதல் வகை மாதச் சம்பளம் மாதிரி, தொகை பெரிதாக மாறாது, ஆனால் விலைவாசி ஏறினால் அதே தொகைக்குக் குறைவாகத்தான் வாங்க முடியும். இரண்டாவது வகை விவசாயம் மாதிரி, விலை ஏறினால் கொண்டாட்டம், விழுந்தால் திண்டாட்டம்.

2020-இல் இது கண்கூடாக நடந்தது. சிசிபி தாதுக்களின் அளவைக் குறைத்தது, எந்தத் தாது எந்தப் பகுதியில் கிடைக்கும் என்பதையும் மாற்றியது, தாதுவை உருக்கினால் வரும் மினரலின் விலை ஏறியது. அடுத்த வருஷம் பேட்டில்ஷிப், கேபிடல் என்ற பெரிய கப்பல்களைக் கட்டுவதற்குத் தேவையான பொருட்களின் பட்டியலும் நீண்டது. பவுண்டியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வருமானம் ஏறவில்லை, ஆனால் கப்பல் வெடித்தால் புதிதாக வாங்கும் விலை எகிறியது. கொஞ்சம் தாதுவைக் கையிருப்பில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நேர்மாறாக, பெரிய சண்டை எதுவும் இல்லாத அமைதிக் காலத்தில் கப்பல்கள் உடையாது, கப்பல் உடையாவிட்டால் மினரலுக்குத் தேவை குறையும், அப்போது சுரங்கக்காரர்களைப் பவுண்டிதான் காப்பாற்றும். ஆக முதல் விதி: கேம் கொடுக்கும் வருமானம் ஒன்று, பிளேயர் கொடுக்கும் வருமானம் ஒன்று, இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

இனி நான் செய்த தப்பு. மூன்று வருமானம் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரெட்ரீவர் என்ற சுரங்கக் கப்பலில் உட்கார்ந்து தாது எடுப்பேன், அதை உருக்கி நானே சின்னச் சின்ன கப்பல்கள் செய்வேன், அதை பேட்ஜர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பேன். மைனிங், தொழிற்சாலை, வியாபாரம் என்று மூன்று. ஒருநாள் ராத்திரி ஜிட்டாவிலிருந்து டோடிக்ஸி என்ற இன்னொரு சந்தைக்கு ஏறக்குறைய ஒரு மாத உழைப்பை ஏற்றிவிட்டு, ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு தோசை வார்க்கப் போனேன். ஆட்டோபைலட் என்ன செய்யும் என்றால், அடுத்த மண்டலத்துக்குப் போகும் கேட்டுக்குப் பக்கத்தில் நேராகப் போய் இறங்காமல் 15 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு, அங்கிருந்து மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து போகும். வழியில் உவேடாமா, செக்யூரிட்டி 0.5, அதாவது போலீஸ் வரும் பகுதிகளிலேயே மிகக் குறைந்த பாதுகாப்பு. அந்த ஊர் பேரைச் சொன்னாலே பழைய பிளேயர்கள் சிரிப்பார்கள். மூன்றாவது தோசையோடு திரும்பி வந்தால் திரையில் கப்பலைக் காணோம், உயிர் தப்பும் கூண்டான பாட் மட்டும் முட்டை மாதிரி மிதக்கிறது. கேட்டலிஸ்ட் என்ற மலிவுக் கப்பல்களில் ஒரு கூட்டம் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தது. கான்கார்ட் போலீஸும் வந்து அவர்களையெல்லாம் வெடிக்கத்தான் செய்தது, ஆனால் அது தண்டனை கொடுக்கும் போலீஸே தவிர காவல் காக்கும் போலீஸ் இல்லை. அவர்கள் இழந்த கப்பல்களின் விலையைவிட என் சரக்கில் மிஞ்சியது அதிகம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுட்டிருப்பார்கள்.

சரக்கு போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அதற்கடுத்த இரண்டு வாரம் என் மூன்று வருமானமும் சேர்ந்து நின்றுபோனது. விற்க எதுவும் இல்லை, செய்ய மினரல் இல்லை, தோண்டப் போக மனசில்லை. மூன்று என்று நினைத்தது ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள். ஒரு மழையில் மூன்றும் நனைந்தது. அன்றிலிருந்து புதிதாக ஒரு வழியைச் சேர்க்கும் முன்னால் ஒன்றைப் பார்ப்பேன்: இப்போது இருக்கும் வழி நாளைக்கு விழுந்தால், இதுவும் கூடவே விழுமா? விழும் என்றால் அது புது வருமானம் இல்லை, பழையதற்கே இன்னொரு வேலை.

அந்தச் சங்கிலியில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நானே தோண்டிய மினரல் எனக்கு இலவசம் என்று நம்பியிருந்தேன். ஈவில் ஆளாளுக்கு ஒருமுறை விழும் பள்ளம் இது. ஒரு கணக்கு பாருங்கள், தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு கப்பல் செய்யத் தேவையான மினரலை அப்படியே விற்றால் 8 மில்லியன் கிடைக்கும் என்று வையுங்கள். கப்பலாகச் செய்து விற்றால் வரியெல்லாம் போக 7.5 மில்லியன். காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லையே, 7.5 மில்லியனும் லாபம்தானே என்று தோன்றும். உண்மையில் மெனக்கெட்டுத் தொழிற்சாலை ஓட்டி அரை மில்லியனைத் தொலைத்திருக்கிறோம். உங்களிடம் இருக்கும் எந்தப் பொருளுக்கும் அன்றைக்கு ஜிட்டாவில் வாங்குகிறவர் தரும் விலைதான் அடக்க விலை, தோண்டியது நீங்களா பக்கத்து வீட்டுக்காரரா என்பது மார்க்கெட்டுக்குத் தெரியாது.

டிரேடிங்கிலும் இதே மாதிரி கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் கணக்கு உண்டு. 10 மில்லியனுக்கு வாங்கி 11 மில்லியனுக்கு விற்றால் 1 மில்லியன் லாபம் என்று பார்க்கிறோம். புரோக்கர் கட்டணம், வாங்க ஆர்டர் போடும்போது ஒருமுறை, விற்க ஆர்டர் போடும்போது ஒருமுறை. உதாரணத்துக்கு 1.5 சதவீதம் என்று வைத்தால் 1,50,000-மும் 1,65,000-மும். விற்பனை வரி 4 சதவீதம் என்றால் 4,40,000. மிச்சம் 2,45,000 இஸ்க். இடையில் யாராவது விலையைக் குறைத்து, நீங்களும் இரண்டு முறை ஆர்டரை மாற்றினால், மாற்றும்போதெல்லாம் தனியாக ஒரு கட்டணம், அப்புறம் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இந்தச் சதவீதங்கள் உங்கள் ஸ்கில்லைப் பொறுத்து மாறும். அக்கவுண்டிங், புரோக்கர் ரிலேஷன்ஸ் இரண்டையும் ஏற்றாமல் டிரேடிங்கில் இறங்காதீர்கள். முன்பெல்லாம் 0.01 இஸ்க் குறைத்துக் குறைத்து நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். 2020-க்குப் பிறகு விலையில் முதல் நான்கு இலக்கங்களைத்தான் மாற்ற முடியும், அந்தப் பைத்தியக்காரத்தனம் குறைந்தது.

சரி, எதையெல்லாம் சேர்த்து வைக்கலாம்? என் பழக்கம், வருமானத்தை இஸ்க்கால் பிரிக்காமல் கவனத்தால் பிரிப்பது. முழுக் கவனமும் கேட்கிற வேலை ஒன்று, அரைக் கவனத்தில் ஓடுகிற வேலை ஒன்று, நீங்கள் தூங்கும்போதும் நடக்கிற வேலை ஒன்று. மூன்றும் முழுக் கவனம் கேட்டால் ஒரே மாதத்தில் கேமே ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். மூன்றும் தூங்குகிற வேலையாக இருந்தால் லாகின் செய்யவே தோன்றாது.

தூங்கும்போது நடக்கிற வேலையில் எனக்குப் பிடித்தது கிரகத் தொழில், பிஐ என்பார்கள். ஒமேகா, அதாவது சந்தா கட்டும் பிளேயர், ஆனபிறகு செய்யுங்கள். ஒரு கிரகத்தில் கட்டளை மையத்தை இறக்கி, பூமிக்கடியில் இருப்பதை உறிஞ்சி, அங்கேயே வைத்து வேறு பொருளாக மாற்றுவது. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது கூலன்ட். நீரும் எலக்ட்ரோலைட்டும் சேர்ந்தால் கூலன்ட், இரண்டுக்கும் வேண்டிய மூலப்பொருள் ஒரே வாயுக் கிரகத்தில் கிடைக்கும், அதனால் கிரகம் விட்டுக் கிரகம் சுமக்க வேண்டியதில்லை. வாங்க ஆள் இருக்குமா என்ற பயமும் வேண்டாம். பிளேயர்கள் கட்டிய நிலையங்களில் சேவைகள் ஓட ஃப்யூல் பிளாக் எரிய வேண்டும், அந்தப் பிளாக்கில் கூலன்ட் ஒரு சரக்கு. உறிஞ்சும் இயந்திரத்துக்குக் குறுகிய நேரம் வைத்தால் மணிக்கு அதிகம் கிடைக்கும், 14 நாள் வரை நீட்டி வைத்தால் குறைவாகக் கிடைக்கும், ஆனால் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நான் மூன்று நாளுக்கு ஒருமுறை வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே பாருங்கள், கிரகத்தின் சுங்கச் சாவடியில் வரி எவ்வளவு என்று. அங்கே பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் நான் அடுத்த கிரகத்துக்குப் போய்விடுவேன்.

அரைக் கவனத்துக்கு மைனிங்தான், அதை அடித்துக்கொள்ள முடியாது. பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம், கார்ப் என்ற பிளேயர் சங்கத்தில் நாலு பேரோடு பேசிக்கொண்டே செய்யலாம். முதலில் வென்ச்சர் என்ற சின்னக் கப்பல் போதும். விலை குறைவு, 5,000 கன மீட்டர் தாது பிடிக்கும், வெல்ட்ஸ்பார் என்றால் 50,000 கட்டி. பெரிய கப்பலுக்குப் போகும்போது எல்லோரும் அதிகம் பிடிக்கிற ரெட்ரீவரைத்தான் பார்ப்பார்கள். நான் புரோக்யூரரைச் சொல்வேன், தாது குறைவாகப் பிடித்தாலும் அடி தாங்கும். நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சர்வர் தினமும் ஈவ் நேரம் 11:00-க்கு, அதாவது நமக்கு மாலை 4:30-க்கு, மூடித் திறக்கும். திறந்ததும் தோண்டும் இடங்களான பெல்ட்டுகளில் பாறைகள் மறுபடி நிரம்பியிருக்கும். ஐரோப்பாவில் பாதிப் பேர் ஆபீஸில், அமெரிக்காவில் பாதிப் பேர் தூக்கத்தில். காலேஜ் விட்டு வந்து டீ குடித்துக்கொண்டே முதல் ஆளாகத் தோண்டலாம். ராத்திரி பதினோரு மணிக்குப் போனால் நல்ல பாறையெல்லாம் போயிருக்கும், கூட்டமும் அதிகம், சுட வருகிற கூட்டமும் அதிகம்.

முழுக் கவனத்துக்கு மிஷன் அல்லது எக்ஸ்ப்ளோரேஷன். இரண்டும் ரசனை வேறு. மிஷனில் பவுண்டியை மட்டும் எண்ணாதீர்கள், லாயல்டி பாயிண்ட் என்று ஒன்று சேரும், அதைக் கொண்டு மிஷன் கொடுத்த கார்ப்பரேஷனின் கடையில் பொருள் எடுத்து மார்க்கெட்டில் விற்கலாம். அதாவது மிஷன் ஒரு கையில் கேம் தரும் பணம், இன்னொரு கையில் பிளேயர் தரும் பணம். ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை இஸ்க் தேறும் என்பது நீங்கள் எடுக்கும் பொருளைப் பொறுத்து மிகவும் மாறும், அதனால் எடுக்கும் முன் ஜிட்டா விலையைப் பாருங்கள், எல்லோரும் எடுக்கிற பொருளை நீங்களும் எடுக்காதீர்கள்.

எக்ஸ்ப்ளோரேஷன் வேறு மாதிரிப் போதை. ஹெரான் மாதிரி சின்னக் கப்பல், சில மில்லியன்தான், அதில் ஸ்கேன் பண்ணி நல்-செக்கிலோ வார்ம்ஹோல் என்ற மறைவான பகுதியிலோ பழைய சிதைவுகள் கிடக்கும் ரெலிக் சைட்டைக் கண்டுபிடித்து ஹேக் செய்வது. ஒரே பெட்டியில் வெறும் குப்பை வரும், அடுத்த பெட்டியில் உங்கள் கப்பலைப்போல் பல மடங்கு விலையுள்ள கவசத்தகடு வரும். வார்ம்ஹோலில் லோக்கல் சாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, பக்கத்தில் கப்பல் இருக்கிறதா என்று காட்டும் டி-ஸ்கேனை நொடிக்கொருதரம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேரில் ‘ஃபர்காட்டன்’ என்றோ ‘அன்செக்யூர்டு’ என்றோ ஆரம்பிக்கும் சைட்டுக்குச் சின்னக் கப்பலில் போகாதீர்கள், அங்கே கேம் ஓட்டும் ஸ்லீப்பர் கப்பல்கள் காவல் இருக்கும். இதில் சமன் செய்வது என்றால், எவ்வளவு சேர்ந்ததும் வீடு திரும்புவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்வதுதான். நான் 80 மில்லியன் வைத்திருக்கிறேன். ‘இன்னும் ஒரே ஒரு சைட்’ என்று போன நாட்களில்தான் எனக்குக் கப்பலை இழந்து வெறும் பாட் முட்டையில் வீடு திரும்பும் யோகம் வாய்த்திருக்கிறது.

கையில் வந்ததை எப்படிப் பிரிப்பது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், இங்கே ஆறு எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. இழந்தால் மறுபடி வாங்க முடியாத கப்பலை ஓட்டாதே என்பது ஈவின் பழைய பாடம். நான் அதைக் கணக்காக வைத்திருக்கிறேன்: கப்பலும் அதில் பூட்டியதும் சரக்கும் சேர்ந்து மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப மாட்டேன். சரக்கு அதிகமென்றால் இரண்டு நடையாகக் கொண்டுபோவேன், இல்லையென்றால் பிணைத்தொகை வைத்து கூரியர் ஒப்பந்தம் போட்டு இன்னொருவர் தலையில் கட்டுவேன். பையில் எப்போதும் இரண்டு கப்பல் வாங்குகிற அளவு இஸ்க் ரொக்கமாக இருக்கும், அதை டிரேடிங்கில் போட மாட்டேன். எல்லாவற்றையும் வாங்கும் ஆர்டராகப் போட்டுவிட்டுக் கப்பல் உடைந்த அன்று கையைப் பிசைந்து நின்ற அனுபவம் போதும்.

தவறாமல் கட்டவேண்டியதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கேமிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்துக்கான உரிமைக் கட்டணம் கட்டாமல் போனது. அதை வைத்து எதிரிகள் உள்ளே வந்து ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நடந்த சண்டையில் டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 உடைந்தன. உங்களுக்கு அவ்வளவு பெரிய பில் வராது. உங்களுக்கு வரும் பில், சந்தாவாக மாற்றக்கூடிய பிளெக்ஸ்தான்.

பிளெக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். 500 பிளெக்ஸ் கொடுத்தால் 30 நாள் ஒமேகா. அதை இஸ்க் கொடுத்து மார்க்கெட்டில் வாங்கலாம் என்றதும், காசு செலவழிக்காமல் விளையாடலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். வாங்கலாம், ஆனால் அதன் விலை பில்லியன் கணக்கில். ஒரு மாதத்தில் உங்கள் விளையாட்டு நேரத்தில் பாதிக்கு மேல் பிளெக்ஸுக்கே போகிறது என்றால் நீங்கள் விளையாடவில்லை, மாதம் 20 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள். அதுவரை ஆல்ஃபாவாகவே, இலவசமாகவே இருங்கள், அவசரமில்லை. மேலே சொன்னவற்றில் ஆல்ஃபாவால் முடிந்தவை சேர்ந்து, நீங்கள் நெருக்காமலே பிளெக்ஸ் விலையைப்போல் இரண்டு மடங்கு வரும் மாதத்தில் வாங்குங்கள். விலை குறைவு என்று வெளி ஆட்களிடம் இஸ்க் வாங்கவே வாங்காதீர்கள், அக்கவுண்ட் தடையாகும். ஜிட்டா சாட்டில் ‘அனுப்பினால் இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்கிறவர்களை எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேலை, பரீட்சை நேரத்திலோ ஊர்ப் பயணத்திலோ ஒரு மாதம் வர முடியாது என்றால். கிளம்பும் முன் கிடங்கில் கிடக்கும் மெதுவாக விற்கும் பொருட்களையெல்லாம் ஜிட்டாவில் 90 நாள் விற்பனை ஆர்டராகப் போடுங்கள், விலையைப் பக்கத்து ஆளைவிடச் சற்று மேலேயே வையுங்கள், குறைக்கிறவர்கள் விற்றுத் தீர்ந்ததும் உங்களிடம் வருவார்கள். வாங்கும் ஆர்டர்களை மறக்காமல் ரத்து செய்யுங்கள், நீங்கள் இல்லாதபோது விலை விழுந்தால் எல்லோரும் தங்கள் குப்பையை உங்கள் தலையில்தான் கொட்டுவார்கள். கிரகங்களுக்கு 14 நாள் வைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாதபோதும் ஏறும்படி ஸ்கில் வரிசையில் நீளமான ஒன்றைப் போடுங்கள். கப்பலை ஸ்டேஷனுக்குள் நிறுத்திவிட்டுத்தான் லாகவுட் பண்ணுங்கள், தோசைக்கு நேரமானாலும் சரி.